ஈட்டுக்கு ஈடு மாறாத மருந்து

ஒட்டப்பிடாரத்துக்கு அருகே கரிசல் வெளியில் எழுந்து நின்ற பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கும்பினியார் இருமுறை தாக்கிய சரித்திரம் நம் நாட்டில் பலராலும் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. வீரத்தைப் பற்றியும் துரோகத்தைப் பற்றியும் அதில் பேசாமல் விடப்பட்டது மிகச் சொற்பம். ஆனால் அந்த யுத்தத்தில் இரு தரப்பாரும் எரித்துத் தீர்த்த வெடிமருந்தைப் பற்றி, அது எத்தகையது, நேற்று வெடித்தது போலவே இன்றும் வெடிக்கும் என்று அதை நம்பியவர்கள் எதைக் கொண்டு நம்பினார்கள் என்பதைப் பற்றி விசாரிப்பவர் அரியர். வேலும் வாளும் கண்ணுக்குத் தெரிவன. மருந்தோ எரிந்து புகையாய்ப் போய்விடுவது. ஆகையால் அதற்குச் சரித்திரம் இல்லாமற் போனதில் வியப்பில்லை. எனினும், திருநெல்வேலிச் சீமையின் இரு நூற்றாண்டுக் கதையை இந்த ஒரு பொருளைப் பற்றிக்கொண்டே சொல்லிவிட முடியும் என்பது என் அபிப்பிராயம்.

1799-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையின்மேல் படையை ஏவித் தோற்றுப் பின்வாங்கினான். சில தினங்களில் அதன் பாளையக்காரன் கட்டபொம்மன் கோட்டையை விட்டு நீங்கி, புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதை யாவரும் அறிவர். பாளையங்கோட்டையில் சிறையிருந்த அவன் தம்பி ஊமைத்துரையும் அவனுடன் இருந்தவர்களும் 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி தப்பி வெளியேறி, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களுக்குள் மீண்டும் எழுப்பினார்கள். மார்ச் 31-ஆம் தேதி மேஜர் மெக்காலே அதைத் தாக்கியபோது, சிறிய பீரங்கிகளால் சுவரில் உண்டாக்கிய உடைப்பு வழியாக ஏறிய சிப்பாய்களைப் பாளையக்காரர்கள் நீண்ட ஈட்டிகளால் குத்தி வீழ்த்தினார்கள். கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்து சேர்ந்த பின்னர், மே 24-ஆம் தேதியன்றுதான் கோட்டை விழுந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மண்சுவர் கல்சுவரைப் போலப் பிளந்து சரிவதில்லை. குண்டை விழுங்கிக்கொண்டு நிற்பது அதன் குணம். அத்தகைய சுவரில் ஆள் ஏறும்படியான உடைப்பை உண்டாக்க வேண்டுமானால், ஒரு குண்டு விழுந்த இடத்திலேயே அடுத்ததும், அதற்கடுத்ததும், நாள் முழுதும் விழுந்துகொண்டிருக்க வேண்டும். பீரங்கியின் வாயை ஒரே நிலையில் நிறுத்துவது குறிபார்ப்பவனின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. ஆனால் குண்டு ஒருமுறை உயர்ந்தும் ஒருமுறை தாழ்ந்தும் போகாமல் இருப்பது மருந்தைப் பொறுத்தது. ஒரு பீப்பாய் மருந்து வலுவாகவும் அடுத்த பீப்பாய் மந்தமாகவும் இருக்குமானால், எத்தனை கைதேர்ந்த பீரங்கிக்காரனாயினும் சுவரெங்கும் துளை போடுவானே ஒழிய வாசல் திறக்கமாட்டான்.

பாளையக்காரர்களின் திரித் துப்பாக்கிகளுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. நாட்டு மருந்து என்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கலவை. உலகெங்கும் கரிமருந்து அதுதான். வெடியுப்பு, பழைய ஊர்களின் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுக்கப்பட்டது; அதில் சாதாரண உப்பும் ஓரளவு கலந்தே வரும், அந்த உப்போ காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. கரிக்கு எருக்கங்குச்சியும் துவரை மிலாறும் நம் நாட்டில் பெயர்பெற்றவை; ஆனால் ஒரு குழியில் எடுத்த கரியும் இன்னொரு குழியில் எடுத்த கரியும், சுட்ட பக்குவம் வேறுபட்டால், எரியும் வேகத்திலும் வேறுபடும். உரலில் இடித்த தூள் மாட்டு வண்டியில் பத்துக் காதம் குலுங்கிப் போனால் கனத்த பொருள் கீழும் லேசான பொருள் மேலுமாகப் பிரிந்துவிடும். இவ்வளவு காரணங்கள் இருந்தும் அம்மருந்து தன் வேலையைச் செய்தது. ஏனென்றால் கரிமருந்து பொறுமையுள்ள பொருள். கைப்பிடியாலோ கொம்புக் குப்பியாலோ அளந்து குழலில் கொட்டி, கோலால் கெட்டித்து, முப்பது அடியில் நிற்கும் எதிரிமேல் சுடுகிறவனுக்குப் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

மருந்தின் வலிமையை ஊகத்தால் அன்றி எண்ணால் அறியலாம் என்று உலகுக்குக் காட்டியவன் நம் கடற்கரையிலேயே உயிர்விட்டான் என்பது பலர் அறியாத செய்தி. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித வல்லுநன் 1742-இல் வெளியிட்ட பீரங்கி சாஸ்திர நூலில், தொங்கவிட்ட மரக்கட்டையின்மேல் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிடும் உபாயத்தை விவரித்தான். ஆய்லர் என்ற மகா மேதையே அந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவுரை சேர்த்தான் என்றால் அதன் கௌரவம் விளங்கும். ஒரே அளவு மருந்து ஈரம் ஏறிய நாளில் எவ்வளவு வலுவிழக்கிறது என்பதும் ராபின்ஸின் பரிசோதனைகளில் வெளிப்பட்டது. பின்னர் அவன் கும்பினியாரின் தலைமை எஞ்சினீயராக நியமனம் பெற்று 1750-இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து, சோழமண்டலக் கோட்டைகளைச் செப்பனிடும் திட்டங்களில் ஈடுபட்டிருக்கையில், 1751 ஜூலை 29-ஆம் தேதி காய்ச்சலால் காலமானான். பாஞ்சாலங்குறிச்சிச் சுவரை உடைத்த பீரங்கிகளுக்கும் இவனுக்கும் இடையே அரை நூற்றாண்டு இருக்கிறது; ஆயினும் அளந்து பார்த்து நம்புவது என்ற வழக்கம் அவனைப் போன்றவர்களால்தான் சேனைகளுக்குள் புகுந்தது.

அளப்பதற்கு முரட்டு முறைகள் முன்பே உண்டு. பிரான்சில் 1686-இல் பிறந்த அரச கட்டளையின்படி, ஒரு குறிப்பிட்ட சிறு பீரங்கியில் 3 அவுன்ஸ் மருந்தை இட்டால் அது 60 பவுண்டுக் குண்டை 50 துவாஸ் தூரமேனும், அதாவது ஏறக்குறைய 100 மீட்டராவது, எறிய வேண்டும். எறியாத மருந்தைச் சர்க்கார் வாங்குவதில்லை. இங்கிலாந்திலும் இதை ஒத்த பரீட்சை இருந்தது. கும்பினியாருக்குச் சென்னையிலேயே மருந்து ஆலை இருந்தது. புளியந்தோப்பில் பவுடர் மில் சாலை என்ற பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. உரலுக்கும் ஆலைக்கும் உள்ள பேதத்தை வலிமையில் மட்டும் தேடினால் பாதிதான் அகப்படும். ஆலை மருந்து அழுத்தி மணியாக்கப்பட்டது; ஆகையால் வண்டியில் குலுங்கினாலும் பிரியவில்லை. அதன் ஒவ்வோர் ஈடும், அதாவது ஒரு தடவையில் செய்த ஒவ்வொரு தொகுதியும், வாங்குமுன் சோதிக்கப்பட்டது.

1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனத்தோடு தென்பாண்டிச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிற்று. 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் அதை நாடு முழுமைக்கும் விரித்தது. மருந்தைக் கையாளும் தொழில் அழியவில்லை; கோயில் திருவிழாவின் வாணமும் அதிர்வேட்டும் அதைக் காத்தன. பிறகு, 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்து அவ்வாண்டில் புதிய ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போன சிவகாசியில், 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து தொடங்கிய முயற்சி பட்டாசுக்கும் பரவிற்று. அது தனிக் கதை. நம் விஷயம் துப்பாக்கி மருந்தாகையால் அம்மருந்தின் கதையையே தொடர வேண்டும்.

1884-இல் பிரெஞ்சு ரசாயனி பால் வியேய் புகையற்ற மருந்தைச் செய்தபோது, ஐந்நூறு ஆண்டுகளாக யுத்தகளங்களை மூடியிருந்த கரும்புகை விலகிற்று. 1889-இல் ஆபெல், டூவார் என்ற இருவர் இங்கிலாந்தில் கார்டைட் என்ற மருந்துக்கு உரிமை பெற்றார்கள். பஞ்சை அமிலத்தில் தோய்த்துப் பெறும் வெடிபஞ்சும் நைட்ரோகிளிசரினும் சிறிது கனிம எண்ணெய்ப் பசையும் சேர்த்துப் பிசைந்து, சேவை பிழிவது போல அச்சில் பிழிந்து, மெல்லிய இழைகளாக எடுக்கப்படுவது அது. ஆங்கிலச் சேனையின் .303 துப்பாக்கித் தோட்டாவில் முன்பு அழுத்திய கரிமருந்து 70 கிரெயின் இருந்த இடத்தில், 31 கிரெயினை, அதாவது ஏறத்தாழ 2 கிராமை, ஒட்டிய கார்டைட் அமர்ந்து, குண்டை முன்னிலும் வேகமாக ஓட்டிற்று.

கரிமருந்தின் பொறுமை இந்தப் புதிய மருந்துக்கு இல்லை. கரிமருந்து எரியும் வேகம் குழலுக்குள் அழுத்தம் ஏறுவதால் அவ்வளவாக மாறுவதில்லை. புகையற்ற மருந்தோ அழுத்தம் ஏற ஏற வேகமாக எரிந்து, எரிய எரிய அழுத்தத்தை ஏற்றுவது. ஆகவே தொடக்கத்தில் உள்ள சிறு வேற்றுமை முடிவில் பெருகி நிற்கும். வெடிபஞ்சில் நைட்ரஜன் அற்ப அளவு கூடினாலும், பிசைவதற்குச் சேர்த்த திராவகம் உலர்த்தும்போது சிறிது மிஞ்சினாலும், இழை தலைமயிரளவு தடித்தாலும், மருந்தின் குணம் மாறும். மூலப்பொருளான பஞ்சே ஒரு பருவத்தைப் போல மறுபருவம் விளைவதில்லை. இத்தனை ஏறுமாறுகளுக்கு நடுவே ஒரே குணமுள்ள மருந்தை ஆண்டாண்டாக எப்படி உற்பத்தி செய்வது? ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே செய்துவிடுவது என்பது விடையன்று. அது எந்த ரசாயனிக்கும் கைகூடவில்லை. விடை கலப்பதில் இருந்தது.

அந்த விடையைத் திருநெல்வேலி வாசிகள் வேறொரு தொழிலில் கண்ணால் கண்டிருக்கிறார்கள். தாமிரபரணி பொதிகையிலிருந்து இறங்கும் பாபநாசத்தில், ஆற்று வீழ்ச்சியின் சக்தியைக் கொண்டு ஹார்வி சகோதரர்கள் 1885-இல் நூற்பாலையை நிறுவினார்கள். நம் கரிசல் பஞ்சு ‘தின்னவேலி’ என்ற பெயரிலேயே லிவர்பூல் சந்தையில் விற்ற காலம் அது. நூற்பாலைக்குள் கார்டிங் யந்திரத்திலிருந்து வரும் பஞ்சுத்திரி ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். அதைச் சீராக்க அத்திரியைத் திருத்த முயலுவதில்லை; ஆறு திரிகளை ஒன்றாகச் சேர்த்து டிராயிங் யந்திரத்தில் இட்டு ஒரு திரியின் கனத்துக்கு இழுக்கிறார்கள். அப்படி இழுத்தவற்றில் ஆறைச் சேர்த்து மறுபடி இழுக்கிறார்கள். மூன்றாம் முறையும் அவ்வாறே செய்தால், கடைசியில் வரும் ஒரு திரிக்குள் 216 திரிகளின் ஏறுமாறுகள் கலந்து, ஒன்றன் தடிப்பு மற்றொன்றன் மெலிவால் சமனாகிவிடும். குறையை நீக்காமலே குறைகளைக் கொண்டு நிறைவை உண்டாக்கும் இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தவன் எவனாயினும் அவன் வணங்கத்தக்கவன்.

கார்டைட் செய்வோர் கையாண்டதும் இதுவே. அச்சிலிருந்து பிழிந்த மெல்லிய இழையை ராட்டில் சுற்றினார்கள். வெவ்வேறு பிசைவுகளிலிருந்து வந்த பத்து ராட்டுகளின் இழைகளைச் சேர்த்துப் பத்திழைக் கயிறாக்கினார்கள். அப்படிப்பட்ட ஆறு கயிறுகளைச் சேர்த்து 60 இழைக் கயிறாக்கி, அதை அளவாக நறுக்கித் தோட்டாவுக்குள் இட்டார்கள். சிப்பாய் இடுப்பில் கட்டிய ஒவ்வொரு .303 தோட்டாவுக்குள்ளும் பல பிசைவுகளின் மருந்து, யாரும் அறியாமல், ஒன்றோடொன்று சமரசமாகிக் கிடந்தது. சிம்பு சிம்பாகவும் மணிமணியாகவும் மருந்து வடிவம் மாறிய பின்பு ராட்டு போய்ப் பெரிய கலவைப் பீப்பாய்கள் வந்தன, தத்துவம் மாறவில்லை. வேகமாய் எரியும் ஈட்டையும் மெதுவாய் எரியும் ஈட்டையும் அளவறிந்து கலந்து, ஒரு பிரமாண மருந்தோடு ஒப்பிட்டுச் சுட்டுப் பார்த்து, அதற்கு இணையாக வரும்வரை சரிசெய்து, அதன் பிறகே அந்தத் தொகுதிக்கு ஓர் எண் இடுவார்கள். லாட் எண் என்று டப்பாவின்மேல் அச்சிட்டிருப்பது அதுதான்.

நம் மாகாணத்திலேயே இத்தொழில் வந்து நிலைத்தது நீலகிரியில். குன்னூருக்கும் வெல்லிங்டனுக்கும் அண்மையில் அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில், கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் காட்டேரி அருவியிலிருந்து எடுத்தார்கள். பாபநாசத்தில் பஞ்சைச் சீராக்க ஆறு விழுந்தது போல, அங்கே வெடிபஞ்சைச் சீராக்க ஓர் அருவி விழுந்தது. மலையைத் தேர்ந்ததற்குப் பாதுகாப்பு ஒரு காரணமென்றால், தட்பவெப்பம் மற்றொரு பெரிய காரணம்; நைட்ரோகிளிசரினைக் கையாளும் இடத்தில் உஷ்ணம் அதிகம் ஏறியிறங்காமல் இருப்பது உயிருக்கும் நல்லது, மருந்துக்கும் நல்லது. அதற்கு முன் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்த கார்டைட், செங்கடல் வெயிலையும் வங்கக் கடலின் புழுக்கத்தையும் கடந்து வந்தது. புகையற்ற மருந்து பழையதாகிச் சிதையும்போது தானே தீப்பற்றும் என்பதைப் பிரெஞ்சுக் கடற்படை துலோன் துறைமுகத்தில் 1907-இல் ஈயேனா என்ற கப்பலையும் 1911-இல் லிபெர்த்தே என்ற கப்பலையும் இழந்து கற்றது. அருவங்காட்டுத் தொழிற்சாலை இன்றும் நடக்கிறது. 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற சர்க்கார் கம்பெனியின் கீழ் இருக்கிறது.

வெயிலின் வேலை அத்தோடு நிற்கவில்லை. கார்டைட் சூடேறினால் அதன் அழுத்தமும் ஏறும். லண்டனில் சரியாக இருந்த தோட்டா பங்குனி வெயிலில் காய்ந்த பின் துப்பாக்கிக்குள் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஆகையால் உஷ்ண தேசங்களுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்களை ஆங்கிலக் கம்பெனிகள் தனியே செய்து அனுப்பின. மலைக்காடுகளில் வேட்டையாடிய துரைமார்களும் ஜமீன்தார்களும் விரும்பிய இரட்டைக்குழல் ரைபிள்களின் விநோதம் ஒன்றுண்டு: இரண்டு குழல்களின் குண்டுகளும் ஒரே குறியில் சேரும்படி குழல்களை வைத்துப் பற்றவைப்பது ஒரு குறிப்பிட்ட மருந்தையும் குண்டையும் கொண்டே நடைபெறும், அந்த அளவை இரும்பிலேயே பொறித்திருப்பார்கள். வேறு மருந்து இட்டால் இடக்குழல் ஒரு பக்கமும் வலக்குழல் ஒரு பக்கமும் சுடும். மருந்தின் சீர்மைக்கு அடிமையாகிப்போன ஆயுதம் இதைவிட வேறில்லை.

துரைமார்களின் அந்த ரைபிள்களுக்கும் ஒரு சோதனை வந்தது. சேனை கைவிட்ட பழைய மார்ட்டினி துப்பாக்கிகளின் தோட்டாவைப் புரட்சிக்காரர்கள் மறுபடி நிரப்பிச் சுடக்கூடும், அதற்கு .450 அளவுக் குண்டுகள் உதவும் என்று அஞ்சிய சர்க்கார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அளவு கொண்ட வேட்டைத் தோட்டாக்களையும் துப்பாக்கிகளையும் இந்தியாவுக்குள் வரவொட்டாமல் தடுத்தது. துப்பாக்கிக் கம்பெனிகள் தடையைத் தாண்ட .465, .470 என்று அற்ப வித்தியாசமுள்ள அளவுகளைப் படைத்தன. காலித் தோட்டாவில் மறுபடி மருந்து நிரப்பும் அந்தச் சிறிய கைத்தொழிலைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் பயந்த கதை இது.

பயந்த திசையிலிருந்து அபாயம் வரவில்லை. 1911 ஜூன் 17-ஆம் தேதி காலை மணியாச்சி ரயில் சந்திப்பில் நின்ற வண்டியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டு, பின் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. அரசியலை விட்டு அந்தக் கருவியை மட்டும் நோக்கினால், அது தோட்டாவைத் தானே கழித்து அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்வது. அந்த வேலையைச் செய்வது வெடித்த மருந்தின் பின்னுதைப்பு. உதை குறைந்தால் காலித் தோட்டா வெளியேறாமல் யந்திரம் நின்றுவிடும். மிகுந்தால் பாகங்கள் உடையும். கரிமருந்தாயின் நாலு வெடிக்குள் கசடு அடைத்திருக்கும். ஒவ்வொரு தோட்டாவிலும் முந்தியதில் இருந்த அதே உந்துதல் இருக்கும் என்ற உத்தரவாதமில்லாமல் அத்தகைய துப்பாக்கியைக் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது. ஊமைத்துரையின் ஆட்கள் திரியைப் பற்றவைத்த நாட்டிலேயே, நூற்றுப் பத்தாண்டுகளுக்குப் பிறகு, அந்த உத்தரவாதம் ஒரு வாலிபனின் சட்டைப்பைக்குள் இருந்தது.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காலித் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வேட்டைக்காரர்களும் குறிசுடுவோரும் ஏராளம். மருந்துக் கம்பெனிகள் அவர்களுக்காக இருவகை ஒழுங்கைக் கடைப்பிடிக்கின்றன. தோட்டா ஆலைகளுக்கு மொத்தமாக விற்கும் மருந்து ஈட்டுக்கு ஈடு கணிசமாக மாறலாம். ஆலை தன் சோதனைக் கூடத்தில் சுட்டுப் பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளும். டப்பாவில் சில்லறையாக விற்கும் மருந்துக்கு அந்தச் சுதந்தரம் இல்லை. வாங்குபவனிடம் அழுத்தமானி கிடையாது, கம்பெனி அச்சிட்ட அட்டவணை ஒன்றே அவனுக்குத் துணை. ஆகவே அது மிக நெருங்கிய எல்லைக்குள் கலக்கப்படுகிறது. அப்படியிருந்தும், அனுபவசாலிகள் புதிய லாட் எண்ணுள்ள டப்பாவைத் திறந்ததும் பழைய அளவை அப்படியே இடுவதில்லை. குறைந்த அளவிலிருந்து மறுபடி படிப்படியாக ஏறுகிறார்கள். இரண்டு லாட்டுகளின் மிச்சத்தை ஒரே டப்பாவில் கொட்டிக் கலப்பதுமில்லை. ஆலையின் கலவை அளந்து செய்வது, கையின் கலவை குருட்டுத்தனமானது என்பதை அவர்கள் அறிவார்கள்.

நம் பக்கம் அந்தப் பொழுதுபோக்குக்கு அதிக இடமில்லை. ஆனால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை அனுமதிக்கிறது. கடையத்தையும் அம்பாசமுத்திரத்தையும் ஒட்டிய மலையடிவார வயல்களில் காட்டுப்பன்றி புகுவதும் நின்றபாடில்லை. அத்துப்பாக்கியின் குழலுக்குள் போவது கரிமருந்து. அளப்பது ஒரு சிறு குப்பி. அந்தக் குப்பிக்கு லாட் எண் தேவைப்பட்டதில்லை.